கோயமுத்தூர் தாயி அம்மாள்

பாவலன் பாடிய பாட்டு ஏட்டில் நிற்கிறது. சிற்பி செதுக்கிய வடிவம் கல்லில் நிற்கிறது. பாடுவோர் மிடற்றினின்றும் எழுந்த இசையோ எழுந்த அப்பொழுதே காற்றிற் கலந்து மறைகிறது. பாணரும் பாடினியரும் யாழொடு பொருந்தப் பாடிய பாட்டுக்களைப் பற்றிப் பத்துப்பாட்டு எவ்வளவோ விரித்துரைக்கின்றது. அவற்றைப் பயிலும் நாம் அக்குரல்கள் எத்தன்மையனவாய் இருந்தன என்று எண்ணிப் பார்க்கலாமேயன்றிச் செவியாற் கேட்டறிதல் இயலாது. 1847-ஆம் ஆண்டில் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகள் நூற்றுக்கணக்காக நம்மிடம் உள்ளன. அவர் குரல் இல்லை. குரலையும் நிலைநிறுத்தலாம் என்னும் நிலை தென்னாட்டில் ஏற்பட்டது இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேதான். அவ்வாறு தம் குரலைப் பின்வந்தோர்க்கு விட்டுச்சென்ற முதல் தலைமுறையினருள் ஒருவர் கோயமுத்தூர் தாயி என்னும் அம்மையார். அவர் வரலாற்றில் ஒரு பகுதி, எம் ஊராகிய சதுரங்கப்பட்டினத்திற்குச் சில மைல் வடக்கேயுள்ள மாமல்லபுரத்தில் நிகழ்ந்ததாகலின், அதனை இம்மலரில் எழுதும் விருப்பம் எழுந்தது.

அம்மையார் 1872-ஆம் ஆண்டிற் பிறந்தவர். கோயமுத்தூரைச் சார்ந்த தேவரடியார் குடும்பத்தினர். பெற்றோர் இட்ட பெயர் பழனிக்குஞ்சரம். குஞ்சரம் என்பது யானையைக் குறிக்கும் சொல்லென்பதைத் தமிழ் பயிலும் அன்பர்கட்குக் கூறவேண்டுவதில்லை. முருகன் கோயில்கொண்ட மலையின் பெயரோடு அதனைச் சேர்த்துப் பெண்மகவுக்கு இட்டனர். கொங்குநாட்டிற் பெண்மக்களை அன்பொடு விளிக்கும் சொல்லாகிய தாயி என்பதே பிற்காலத்தில் அவருக்கு நிலைத்த பெயராயிற்று. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி, பெங்களூர் நாகரத்தினம் என ஊர்ப்பெயரை முன்னே பூணுதல் அக்காலத்துப் பாடகியர் வழக்கம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கும் மரபு அக்குடும்பங்களில் இல்லை. தாய்வழியே அவர்தம் வழி. ஆகவே ஊரே அவர்களுக்கு முதலெழுத்தாக அமைந்தது.

இம்மரபினரைப் பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்லல் பொருந்தாது. கோயிற்றொண்டுக்கெனப் பொட்டுக் கட்டப்பெற்ற பெண்டிர் ஆடலும் பாடலும் பயின்று, இறைவன் திருமுன்னும் திருவிழாக்களிலும் செல்வர் மனைகளில் நிகழும் மங்கல நாட்களிலும் அவற்றை நிகழ்த்தி வந்தனர். நாட்டில் ஏனைய பெண்மக்கள் எழுத்தறியாதிருந்த காலத்தில் இவர்கள் தமிழும் தெலுங்கும் கற்றனர். சிலர் வடமொழியும் கற்றனர். வருணம், பதம், ஜாவளி, கீர்த்தனை என்பன இவர்களால் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பெற்றன. மகள் சொத்துரிமை பெற்றாள். மகளே குடும்பத்தை நிலைநிறுத்துபவள் எனக் கருதப்பெற்றாள். இவ்வளவும் ஒருபுறம். மறுபுறத்தில், தன் மனம் அறியாப் பருவத்திலேயே ஒரு சிறுமியின் வாழ்நாள் முழுவதும் பிறரால் தீர்மானிக்கப்பெற்றது. செல்வர் ஒருவரின் ஆதரவை நாடியே அவள் வாழவேண்டியிருந்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

பழனிக்குஞ்சரமும் இம்மரபின்படி இளமையிலேயே ஆடலும் பாடலும் பயின்றார். ஆயினும் ஆடலினும் பாடலிலேயே அவர் பெயர் பெரிதாயிற்று. கோயமுத்தூர் அந்நாளிற் பெருநகர் அன்று. நூற்பாலைகள் எழுந்து அதற்குப் பெயர் ஈட்டித்தந்தது பின்னர்தான். ஆனால் 1860-களிலேயே அப்பகுதியை இருப்புப்பாதை சென்னையோடு இணைத்துவிட்டது. தஞ்சை அரசு 1855-ஆம் ஆண்டில் முடிவுற்றபின் இசைவாணர் பலர் புரவலரைத் தேடிச் சென்னைக்குக் குடியேறினர். வணிகரும் துவிபாஷிகளும் வழக்கறிஞரும் நிறைந்த அந்நகரமே புதிய அரசவையாயிற்று. தாயி அம்மாளும் அவ்வழியே சென்னை சென்று அங்கேயே நிலைபெற்றார்.

அவர் சென்னையில் வாழ்ந்த காலமோ அவர் குலத்தார்க்கு நல்ல காலம் அன்று. 1892-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் நாட்டிய எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், தேவரடியார் ஆடும் நிகழ்ச்சிகளுக்குச் செல்லலாகாதென 1893-இல் அரசப் பிரதிநிதிக்கும் சென்னை ஆளுநருக்கும் விண்ணப்பம் செய்தனர். இருவரும் அதற்கு இசையவில்லை. அதே ஆண்டிற் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கமும் இப்பொருள் பற்றி நூல் வெளியிட்டுப் பரப்பியது. மிஷனரிமாரும் அவர்கள்பாற் கல்வி கற்றோரும் இவ்வியக்கத்தில் முன்நின்றனர். நம்மையொத்த கல்லூரிகளின் வழியில் வந்தோர் இதனை ஒளித்துப் பேசவேண்டுவதில்லை. சிறுமியரைப் பொட்டுக்கட்டும் கொடுமையை அவர்கள் கண்டித்தது முற்றும் சரியே. ஆனால் அக்கொடுமைக்கு ஆளானவர்களையே குற்றவாளிகளாகக் காட்டியதும், அவர்களிடமிருந்த கலையைக் கலையென எண்ணாததும் சரியென்று யான் கருதவில்லை. அச்சங்கத்தார் அச்சிட்ட தாள்கள் தெருத்தோறும் வழங்கப்பெற்ற அந்நாளில் தாயி அம்மாளுக்கு வயது இருபத்தொன்று.

ஆடலுக்கு அழைப்புக் குறையத் தொடங்கிய அந்நிலையிலேதான் பாட்டுக்கு எதிர்பாராத ஒரு வாயில் திறந்தது. 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் சார்பாகக் கைஸ்பர்க் என்பார் கல்கத்தாவிற்கு வந்து ஒரு விடுதியில் ஒலிப்பதிவு நிகழ்த்தினார். புகழ்பெற்ற கௌஹர் ஜான் பாடியது அப்பொழுதே. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அக்கம்பெனியின் நிபுணர்கள் சென்னைக்கும் வந்தனர். தென்னாட்டில் அவர்கள் முன்வந்து பாடியவருட் பெரும்பாலோர் தேவரடியார் மரபுப் பெண்டிரே. பெரிய வித்துவான்களுட் பலர் அணுகவில்லை. அவ்விந்திரம் குரலை உறிஞ்சிவிடும், ஆயுளைக் குறைக்கும் என்று சிலர் அஞ்சினர். விலைக்குவிற்கும் தட்டில் பாடுதல் தம் பெருமைக்கு இழுக்கென்று சிலர் கருதினர். காபிக் கடையிலும் சந்தையிலும் தம் பாட்டு ஒலிக்குமே என்பதும் ஒரு தயக்கம். பெண்டிர்க்கோ அவ்வச்சமும் பெருமையும் தடையாகவில்லை. சேலம் கோதாவரியும், அந்நாட் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த காஞ்சிபுரத்துத் தனகோடி அம்மாளும், பெங்களூர் நாகரத்தினம்மாளும் பாடினர். தாயி அம்மாள் பாடிய தட்டுக்களோ பற்பல. சமூகத்தின் முன்றிலில் வாயில் சாத்தப்பெற்ற ஒருவர் அவ்வாறு வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்தார். அவர் ஆட்டத்தைக் காண மறுத்த மனையிலும் அவர் பாட்டுச் சுழன்றது.

அப்பதிவு நிகழ்ந்த முறையை அறிந்தாலன்றி அம்மையார் ஆற்றலை அளவிட இயலாது. இக்காலத்து ஒலிவாங்கி அன்று இல்லை; மின்சாரப் பதிவு வந்தது 1925-இல். பெரியதொரு ஊதுகொம்பின் வாயினுள் முகத்தை நீட்டிப் பாடவேண்டும். கொம்பின் குறுகிய முனையிலுள்ள மெல்லிய தகடு அக்குரலால் அதிர, தகட்டிற் பொருத்திய ஊசி, சுழலும் மெழுகுப் பாளத்தில் வரி கீறிச் செல்லும். மேற்ஸ்தாயியிற் குரலெழும்போது பாடுவோர் பின்னே சாயவேண்டும்; கீழே இறங்கும்போது முன்னே நெருங்கவேண்டும். சாயத் தவறினால் ஊசி துள்ளி மெழுகு கெட்டுவிடும். நெருங்கத் தவறினால் குரலே பதியாது. பக்கவாத்தியக்காரரைக் கொம்பின் அருகே நிறுத்துவதும் தொலைவில் நிறுத்துவதுமே ஒலியைச் சமன் செய்யும் வழி. மிருதங்கத்தைப் பெரும்பாலும் தள்ளியே வைப்பர். பிழை நேர்ந்தால் திருத்தும் வழி இல்லை. மெழுகை எறிந்துவிட்டு மீண்டும் தொடக்கத்தினின்று பாடவேண்டும்.

இவ்வளவினும் கடிய கட்டளை காலமே. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். பன்னிரண்டங்குலத் தட்டு நான்கு நிமிடத்திற்குச் சற்று மேல். கோயில் மண்டபத்தில் ஒரு ராகத்தை ஒரு நாழிகை விரித்துப் பாடிப் பழகிய மிடறு, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரே நின்ற வெள்ளையர் ஒருவரின் சைகைக்கு இணங்க மூன்று நிமிடத்திற்குள் ராகத்தின் உருவைக் காட்டி, பல்லவி சரணங்களைப் பாடி, முடித்தும் தரவேண்டும். பாயிரம் எழுதி, நூல் எழுதி, நூற்பயனும் எழுதுவதற்கு ஒரே ஓலையைக் கொடுத்ததை ஒக்கும் இது. அக்காலத்துத் தட்டுக்களிற் சில, சரணம் முடியுமுன் அவசரமாக ஓடி நின்றுவிடுதலைக் கேட்டிருக்கிறேன். இத்துறையில் தேர்ந்தவரோ மூன்று நிமிடத்தையே ஒரு முழுப் பாத்திரமாகக் கொண்டு அதன் விளிம்பு வரை நிரப்பினர். தாயி அம்மாள் அவ்வகையினர்.

பதிந்த மெழுகு கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் செல்லும். அங்கே செம்பு பூசி அச்சு வார்த்து அதனைக் கொண்டு தட்டுக்களை அழுத்தி மீண்டும் இந்தியாவிற்கு அனுப்புவர். 1908-ஆம் ஆண்டிறுதியிற் கல்கத்தாவிலேயே ஆலை நிறுவப்பெற்ற பின்னரே இக்கடற்செலவு நின்றது. தட்டின் முதன்மையான சரக்கு அரக்கு. அதுவும் நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி வைப்பதே. நம் காட்டு அரக்கும் நம்மவர் குரலும் தனித்தனியே கடல் கடந்து, அங்கே ஒன்றாகி, விலைப்பொருளாகத் திரும்பி வந்தன. பருத்தி போய்ச் சீலையாக வந்த கதையை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

தாயி அம்மாள் எவற்றைப் பாடினார் என்பதிலே தமிழ் மாணாக்கர்க்குச் சிறப்பான ஈடுபாடு உண்டு. கச்சேரி மேடையிலே தெலுங்குக் கீர்த்தனைகள் ஆட்சி புரிந்த காலம் அது. தமிழ்ப்பாட்டு முடிவிலே துக்கடாவாக வருவதே பெருவழக்கு. அந்நிலையில் அவர் திருவருட்பாவை எடுத்து ராகமாலிகையாகப் பாடித் தட்டிற் பதித்தார். இராமலிங்க அடிகள் 1874-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மேட்டுக்குப்பத்தில் மறைந்தபொழுது தாயி அம்மாள் இரண்டாண்டுக் குழவி. அடிகள் பாடல்கள் 1867-இல் முதன்முதல் நூலாக வெளிவந்தன. அவற்றை அருட்பா எனல் தகுமோ என்று ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கு இருவர் வாழ்நாளோடும் அமையாது, 1903-ஐ ஒட்டி மீண்டும் சென்னையிற் கிளர்ந்தது. ஒருபக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை, மறுபக்கத்தில், அந்நாட் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரித் தமிழாசிரியராகவிருந்த மறைமலையடிகள். மிஷன் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் மேடையேறி அருட்பாவின் பெருமையை நிலைநாட்டிய அதே நகரத்தில், அதே காலப்பகுதியில், மிஷனரிமாராற் பழிக்கப்பெற்ற மரபிலே வந்த ஒரு பெண்மணி அவ்வருட்பாவை ஊதுகொம்பின் முன் நின்று பாடினார். வாதம் செய்தோர் நூல்களை இன்று ஆராய்ச்சியாளரே புரட்டுகின்றனர். பாட்டு எங்குச் சென்றது என்பதே இனிச் சொல்லப்போவது.

மோரிஸ் டெலாழ் என்னும் பிரெஞ்சுக்காரர் 1879-இற் பிறந்தவர். அவர் தந்தையார் காலணி மெருகுத் தொழிற்சாலை உடையவர். டெலாழ் இளமையில் முறையாக இசை பயிலாதவர். பிற்பாடு புகழ்பெற்ற இசைப்புலவராகிய ராவெல் என்பாரிடம் மாணாக்கராகவும் நண்பராகவும் அமர்ந்தார். தந்தையின் தொழிலை முன்னிட்டுப் பெற்றோருடன் 1911-ஆம் ஆண்டிறுதியிற் கப்பலேறி, 1912-ஆம் ஆண்டின் முதற்பகுதியில் இந்தியாவிற் பல நகரங்களைச் சுற்றினார். சரக்கு விற்க வந்த குடும்பத்திற் பாட்டுத் தேடும் மகன்! ஊர்தோறும் அவர் கிராமபோன் தட்டுக்களைத் தேடிக் கேட்டார். அவ்வாறு கேட்ட குரல்களுள் அவரைப் பிணித்த ஒன்று கோயமுத்தூர் தாயியினுடையது.

தட்டிற் கேட்ட குரலை நேரிற் கேட்கும் பேறும் அவருக்கு மாமல்லபுரத்தில் வாய்த்தது. சென்னையினின்றும் அங்கே செல்வோர் அந்நாளிற் பக்கிங்காம் கால்வாயிற் படகேறி இரவிற் பயணம் செய்து விடியலில் இறங்குவர்; இன்றேல் செங்கற்பட்டு வரை புகைவண்டியிற் சென்று, திருக்கழுக்குன்றத்தின் வழியே மாட்டு வண்டியில் வருவர். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் வண்டிகளைக் காண்போர்க்கு அவ்விடத்தின் பழைய அமைதியை எண்ணிப்பார்த்தலே அரிது. மணல்மேடும், சவுக்கும், பனையும், மீனவர் குடிசைகளும், பல்லவர் குடைந்த குகைகளும் அன்றி வேறில்லை. அலையோசை நீங்காத அவ்வூரிலே, கோயிலின் அமைதியில், தாயி அம்மாள் பாட அவர் கேட்டார். இந்தியாவினின்று அவர் வரைந்து பாரிஸ் இசை ஏடொன்றில் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த கடிதத்தில் அம்மையாரைப் பழனிக்குஞ்சரம் என்னும் இயற்பெயராலும் குறித்துள்ளார். நாட்டியக்காரி என்ற ஒரே சொல்லில் அடக்கித் தள்ளாமல், ஒரு கலைஞரின் பெயரைக் கேட்டறிந்து எழுதியது பாராட்டத்தக்கது.

அவர் செவியை ஈர்த்தது அக்குரலின் இனிமை மாத்திரம் அன்று. மேனாட்டு இசையில் ஒவ்வொரு சுரமும் தனித்தனிப் படியாக நிற்கும். பியானோவின் கட்டைகளைப் போல ஒன்றினின்று மற்றொன்றிற்குத் தாவவேண்டும். நம் இசையிலோ சுரம் அசையும், இழையும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டு மீளும்; அதனைக் கமகம் என்கிறோம். தாயி அம்மாள் வாய் மூடி முனகியும், வாய் திறந்து அகரத்தால் விரித்தும், ஒரு மூச்சிலே எண்ணிறந்த நுண்ணசைவுகளை உதிர்த்தார். இதனை ஐந்து கோட்டு இசைக்குறியில் எவ்வாறு எழுதுவது? அதற்கு முன் இந்தியாவைப் பாடிய ஐரோப்பிய இசைப்புலவர்கள் இத்தொல்லையை மேற்கொண்டதில்லை. யானையையும் பாம்பாட்டியையும் மனத்திற் கற்பனை செய்து, தம் நாட்டு மெட்டிலேயே சிறிது மசாலை தூவி அனுப்பிவிட்டனர். டெலாழ் தட்டுக்களைத் தம்மோடு பாரிஸுக்கு எடுத்துச் சென்றார். ஊசியை மீண்டும் மீண்டும் வைத்துக் கேட்டார்.

அதன் முதற்பயன் இந்துப் பாடல்கள் நான்கு என்னும் தொகுதி. மதராஸ், லாகூர், பனாரஸ், ஜெய்ப்பூர் என நான்கு நகரங்களின் பெயர் கொண்டவை அவை. ஒரு பாடகியும், குழல், நரம்பு முதலிய கருவிகளையுடைய ஒரு சிறு குழுவும் நிகழ்த்துதற்கு உரியவை. லாகூர் என்னும் பாட்டின் தொடக்கத்தில் செல்லோ என்னும் பெருநரம்புக் கருவி மீட்டி இழுக்கப்பெற்று, இம்தாத் கான் தட்டிற் பதித்த வாசிப்பைப் பின்பற்றுகிறது. இறுதியிற் பாடகி சொல்லின்றிக் குரலை நெளித்து இசைக்கின்றார். 1914-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் பாரிஸில் இது அரங்கேறியது. அன்றைய நிகழ்ச்சியில் ராவெலும் ருஷியராகிய ஸ்திராவின்ஸ்கியும் இயற்றிய புதுப்பாடல்களும் இடம்பெற்றன. அத்தகைய அவையிலே டெலாழின் பாட்டை மீண்டும் பாடுக என்று கேட்டு மகிழ்ந்தனர்.

எனினும் நமக்கு அதனினும் நெருங்கியது அவர் ராகமாலிகா என்று பெயரிட்ட மற்றொரு பாட்டு. 1912-க்கும் 1922-க்கும் இடைப்பட்டதாக இதன் காலத்தைக் குறிப்பர். குரலுக்கும் பியானோவுக்கும் அமைந்த இது, தாயி அம்மாள் பாடிய அருட்பா ராகமாலிகைத் தட்டையே பெரும்பாலும் அடியொற்றி எழுதியது. ராகம் மாறும் இடங்களும், பல்லவி மீண்டு வரும் முறையும், சொல்லற்ற ஆலாபனையும் தட்டில் உள்ளவாறே தாளில் ஏறின. மொழிபெயர்ப்பும் இல்லை, தமிழ்ச் சொற்களையே உரோமன் எழுத்தில் எழுதி, தமிழ்ப் பாட்டு என்று பிரெஞ்சிலே துணைப்பெயரும் தந்தார். பியானோவின் ஒரு தந்தியின் கீழே தடைப்பொருளொன்றைச் செருகி, அதன் அதிர்வை அடக்கி, முழவோசைபோலத் தட்டொலி எழச்செய்யும்படியும் குறித்திருக்கிறார். பியானோவின் தந்திகளிடையே பொருள்களைச் செருகி ஒலியை மாற்றும் முறைக்கு, 1940-ஐ ஒட்டி அமெரிக்கராகிய ஜான் கேஜ் பெரும்பெயர் பெற்றார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்ப் பாடகியின் பக்கவாத்தியத்தைக் காட்டவேண்டி இம்முயற்சி நிகழ்ந்துவிட்டது. மேனாட்டு இசை வரலாற்று நூல்கள் இதனைக் குறிக்கின்றன. நம் பாடப்புத்தகம் எதிலும் யான் கண்டதில்லை.

டெலாழ் அருட்பாவின் பொருளை அறிந்து உருகினார் என்று சொல்வதற்கில்லை. அவர் தமிழ் கற்றவர் அல்லர். ஒலியின் உருவையே அவர் கைக்கொண்டார். தம் நாட்டார்க்கு ஒரு புதுமை காட்டவேண்டும் என்னும் வேட்கையும் அதிற் கலந்திருந்தது. இதனால் அவர் முயற்சியைச் சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. எனக்கோ, பொருள் தெரிந்தும் கேளாதிருந்த நம்மவரைக் காட்டிலும், பொருள் தெரியாமலே ஒவ்வோர் அசைவையும் எண்ணிக் கேட்ட அயலார் அம்மையார்க்கு மிகுதியான மதிப்பளித்தார் என்றே தோன்றுகிறது.

தாயி அம்மாள் 1917-ஆம் ஆண்டில், நாற்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார். ஒலிவாங்கியின் முன் அவர் பாடியதே இல்லை. இன்னும் எட்டாண்டு கழித்தே மின்சாரப் பதிவு உலகிற் புகுந்தது. அவரினும் மூத்தவரான வீணை தனம்மாள் 1932-இல் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தம் வீணையைப் பதித்தார் என்பதை எண்ணுமிடத்து, இவ்வம்மையார் இன்னும் சிறிது காலம் இருந்திருக்கலாகாதா என்னும் ஏக்கம் பிறக்கிறது. அவருக்குப் பின் அரங்கு விரைந்து மாறிற்று. சபைகள் பெருகின; முன்பு அஞ்சி ஒதுங்கிய வித்துவான்கள் தட்டுக்கள் வழங்க முந்தினர்; குடும்பப் பெண்டிரும் மேடையேறினர். பொட்டுக்கட்டும் வழக்கை ஒழிக்கும் சட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் நெடுநாள் உழைத்ததன் பயனாக, 1947-இற் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. கொடுமை நீங்கியது நன்று. அதனோடு சேர்த்து, அம்மரபிற் பிறந்து கலை வளர்த்த பெண்டிரின் பெயர்களையும் நாடு துடைத்துவிட்டது. தாயி அம்மாளின் தட்டுக்கள் பரணிற் கிடந்தன. பழைய சாமான் கடைகளிற் குவிந்தன. அரக்குத் தட்டு மண்கலத்தை ஒத்தது. கை தவறினால் துண்டாகும். எஃகு ஊசி ஓடும்தோறும் வரி தேயும். விரும்பிக் கேட்கப்பெற்ற தட்டே விரைவில் அழியும்.

எஞ்சியவற்றைக் காத்தவர் தனிப்பட்ட சேகரிப்பாளர்களே. மூர் மார்க்கெட் போன்ற இடங்களில் தூசியிடையே முழங்காலிட்டுத் தேடி, வீட்டார் ஏசவும் பொருட்படுத்தாது அடுக்கி வைத்தனர். இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிற் பெங்களூரில் தொடங்கப்பெற்ற இந்திய இசை ஆவணக் களஞ்சியம் அத்தகைய தட்டுக்களைத் திரட்டி, மின்முறையில் மாற்றி, விலையின்றி எவரும் கேட்கும்படி இணையத்தில் வைத்தது. இப்பணி கேட்பதற்கு எளிதாயினும் செய்வதற்கு எளிதன்று. முற்காலத்துத் தட்டுக்கள் யாவும் நிமிடத்திற்குச் சரியாக 78 சுற்று என்னும் கணக்கிற் பதிந்தவை அல்ல. ஒன்று குறைவாகவும் ஒன்று மிகுதியாகவும் சுழன்றவை. வேகம் சற்று மிகுந்தால் சுருதி ஏறிப் பாடுபவர் குரல் சிறுமியின் குரல்போலாகும். குறைந்தால் குரல் தடித்து ராகமே சோம்பும். சரியான வேகம் இன்னதென்று காதறிந்து கணித்தாலன்றி உண்மைக் குரல் வெளிப்படாது. இரைச்சலை நீக்குவதிலும் அளவு வேண்டும். மிகுதியாக நீக்கினால் குரலின் விளிம்பும் உடன் போய்விடும். அரிசியிலே உமியை நீக்கப் புகுந்து தவிட்டையும் இழப்பது போன்றது அது.

விடுதி அறையிற் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு யான் அத்தொகுப்பைக் கேட்டபோது முதலில் மழை பெய்வதுபோன்ற இரைச்சலே கேட்டது. சிறிது பொறுத்தால் அதனூடே உயர்ந்த சுருதியில் ஒரு குரல் கூர்மையாக எழும். சொற்கள் சிலவிடத்துத் தெளிவாகவும் சிலவிடத்து மங்கியும் வரும். சொல் ஓய்ந்த இடத்தில் மிடறு மாத்திரம் மணிமணியாக உருண்டு ஓடும். ஊதுகொம்பு அதனை விடாது பற்றியிருக்கிறது. தட்டு முடியும் தறுவாயில் தாளம் சற்றே விரைகிறது. நிபுணர் கை அசைத்திருப்பார் போலும். அதே வரிசையிற் காஞ்சிபுரம் தனகோடி அம்மாளும் சேலம் கோதாவரியும் அடுத்தடுத்துக் காத்திருக்கின்றனர்.

டெலாழ் 1961-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அவர் ராகமாலிகாவை ஐரோப்பியப் பாடகியர் இன்றும் மேடையிற் பாடியும் பதிந்தும் வருகின்றனர். தமிழ் ஒரெழுத்தும் அறியாத அவர்கள், உரோமன் எழுத்தைப் பார்த்து, இராமலிங்க அடிகளின் சொற்களைப் பழனிக்குஞ்சரம் பாடிய ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கக் கற்றுக்கொள்கின்றனர்.